கார்டு ரத்து

ரேஷன் கடையில் அரிசி நிறுப்பது சுலபம். அரிசி இல்லை என்று சொல்வதுதான் வேலை. அடுகோடியில் பல வருஷமாக அந்த வேலையில் இருக்கிறேன். மேலிடத்து உத்தரவுக்காகக் கவுண்டரில் நின்று திட்டு வாங்கும் உங்களுக்கெல்லாம் இது புரியும். வசதியானவர்களின் கார்டை ரத்து செய்து மானியச் செலவைக் குறைக்கப்போவதாக அரசாங்கம் சொன்னபோது, நல்லதுதானே என்றுதான் நினைத்தேன்.

டாமியின் சாப்பாடு

அப்படி நினைக்க வைத்தவர் ஒரு வீட்டுக்காரர். நாலைந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். மாசாமாசம் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பையோடு நடந்து வருவார். அந்த மாசம் மெஷினில் அவர் நம்பரைத் தட்டியதும் 'ரத்து' என்று வந்தது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். மனுஷர் நிஜமாகவே கலங்கிப்போனார்.

"ஐயோ, எங்க டாமி இந்த அரிசியைத் தவிர வேற எதையும் தொடாதேப்பா!"

வசதியான செல்வி

அவருக்கு அடுத்து நின்றவர் செல்வி. ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் கார்டும் ரத்து. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பெரியவளின் காலேஜ் ஃபீஸுக்கு லோன் எடுக்க, ஏஜென்ட் ஒருவன் செல்வி பேரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறான். வரி என்று ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டருக்கு அவர் வசதியானவர் ஆகிவிட்டார். காலிப் பையை மடித்துக்கொண்டே செல்வி சொன்னார்:

"லோன்காரங்ககிட்ட வசதின்னு காட்டணும், உங்ககிட்ட ஏழைன்னு காட்டணும். நான் யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கண்ணா."

ஆபீஸர் வந்தார்

அடுத்த மாசம் ஆபீஸர் வரும் நாளில் செல்வியை மனுவோடு வரச் சொன்னேன். ஆபீஸர் தங்கமான மனுஷர். மனுவை வாங்கிக்கொண்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. இதனால அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்று கன்னடம் கலந்து சொன்னார். செல்வி தலை குனிந்துகொண்டார். செல்வியின் பக்கத்து வீட்டு ரஹ்மத் பீ வரிசையில் இருந்தார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"மிச்சம்னா சாப்பிட்டு முடிச்சப்புறம் இருக்கிறதுதானே சாப்?"

வாசல்படியில்

ஆபீஸர் போனதும் ரஹ்மத் பீ தன் அரிசியை வாங்கி, வாசல்படியில் உட்கார்ந்து பாதியைச் செல்வியின் பையில் கொட்டினார். செல்வி வேண்டாமென்று கையைப் பிடித்தும் விடவில்லை. ரேஷன் அரிசியைக் கைமாற்றக் கூடாது என்பது சட்டம். நான் உள்ளே திரும்பி, மடித்து வைத்த சாக்குகளையே மறுபடி மடித்தேன்.

மாசாமாசம் இப்படியே நடந்தது. தீபாவளி தாண்டி ஒருநாள் செல்வியின் பெயர் மெஷினில் திரும்ப வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையை நானே வாங்கி நிரப்பினேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்:

"விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் அரியர்ஸ் உண்டாண்ணா? பீயம்மாவுக்குத் திருப்பித் தரணும்."

அரியர்ஸ் எல்லாம் கிடையாது. அரசாங்கம் மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் ரஹ்மத் பீ வீட்டுப் பானையிலிருந்து போனதைப் பற்றி எந்த ஆபீஸரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.