நான்கு விளக்குள்ள பலகை

எங்கள் வீட்டுக் கணினியைக் கொன்றது நான்தான். கையில் சந்தனக் கிண்ணமும் வாயில் சரஸ்வதி துதியுமாகக் கொன்றேன்.

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தொழில் நடக்கிறது. கல்யாண அட்டை, காதணி விழா அட்டை, பதினாறாம் நாள் அழைப்பு என்று எது கேட்டாலும் தட்டச்சு செய்து, அழகுபடுத்தி, கிள்ளானில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புவேன். ஆகவே ஆயுத பூசைக்கு என் ஆயுதம் அந்தக் கணினி. அந்த வருடம் பூசைக்கு முதல் நாள் என் கணவர் தூசி தட்டுவதற்காக அதன் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்திருந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டிய மனிதர் அவர். எந்த இயந்திரத்தையும் மூடிவைத்துப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. உள்ளே இருந்த பச்சைப் பலகையைக் காட்டி, "இதுதான் மதர்போர்ட். மத்ததெல்லாம் இது மடியிலதான் உட்கார்ந்திருக்கு" என்று சொல்லியிருந்தார்.

தாய் என்று பெயர் வைத்துவிட்டு அவளுக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் எப்படி? கீபோர்டுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று வைத்த கையோடு, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, தாயின் நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில் அப்பினேன். மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. தொழிலைத் தொடங்கும் முன் இன்னொரு முறை தீர்த்தமும் தெளித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'டப்' என்று ஒரு சிறிய சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான்.

அவர் வந்து குனிந்து பார்த்தார், முகர்ந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"சந்தனம் வச்சு தாய குளிர வச்சிட்டியே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அப்போதெல்லாம் அவர் எதைத் தொடங்கினாலும் இருமலில்தான் முடியும்.

அதற்கு முந்தின மாதம்தான் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நின்றபோது, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் மகள் என்று சொல்லத்தக்க வயதுப் பெண். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று அந்த டாக்டரும் யோசித்திருக்க வேண்டும். நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டே வருகிறது, ஒரு வருடம், கூடினால் அதற்கு மேல் கொஞ்சம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்று எக்ஸ்ரே முடித்து வந்த கணவர் கேட்டார்.

"மருந்து மாத்திக் கொடுத்திருக்காங்க. போலே தாஹான்னு சொன்னாங்க."

நம் ஊர் மலாய்ப் பேச்சில் சுமாராக இருக்கிறது என்பதற்கும் அதே சொல், தாக்குப்பிடிக்கும் என்பதற்கும் அதே சொல். வசதியான சொல். பொய் சொன்னதாகவும் ஆகாது. அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை நான் தொடங்கினேன்.

கணினி செத்ததும் அவருக்கு ஓர் உற்சாகம் வந்தது. ரெடிமேடாக வாங்க வேண்டாம், துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே சேர்ப்போம் என்றார். மற்றதெல்லாம் இரண்டு நாளில் முடிவானது. மதர்போர்டுக்கு மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று நான் கிண்டல் செய்வேன். "அப்ப அனுபவம் இல்ல" என்பார்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர் மடியில் மருத்துவக் கோப்பு இருக்கும். அதன்மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் கோடு போட்டு, பலகைகளின் குணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார். எதில் எத்தனை ஸ்லோட் என்கிற செருகுவாய், எது எந்தச் சில்லுக்குப் பொருந்தும், எதில் பின்னால் மாற்றிக்கொள்ள வழி உண்டு என்று. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிற கையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கடை கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கடைக்காரர் முப்பது முப்பத்தைந்து வயதுத் தமிழர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அங்கே ஏறினோம். படி அதிகம் இல்லை. ஆனால் நான்கு படிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்துமலை முருகன் கோயில் படிகளில் பால்குடத்தோடு எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்று என்னைக் கேலி செய்த மனிதர். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படிப்பதற்காக நிற்பதுபோல் நின்றார். நானும் அதைப் படித்தேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார். ஒன்று சிறியது. ரேம் என்கிற நினைவகப் பட்டையைச் செருக இரண்டே ஸ்லோட். மற்றது பெரியது, நான்கு ஸ்லோட். அதன் ஓரத்தில் கடுகு அளவில் நான்கு சின்ன விளக்குகள் இருந்தன.

"அங்கிள், உங்க யூஸுக்கு சின்னதே போதும். ஆன்ட்டி டைப்பிங், டிசைன்தானே பண்றாங்க. பெருசு வேஸ்ட் லா."

"பெருசு எத்தன வருஷம் தாஹான் பண்ணும்?" என்று இவர் கேட்டார்.

"அஞ்சாறு வருஷத்துக்குக் கவலையே இல்ல. புது ப்ரோசசர் வந்தாலும் இதுலயே மாத்திக்கலாம். இப்ப ரேம் ரெண்டு போடுங்க. மத்த ரெண்டு ஸ்லோட் காலியா இருக்கட்டும், பின்னால போட்டுக்கலாம்."

பின்னால் என்ற சொல்லை அந்த மனிதர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"சின்னதே போதுங்க" என்றேன் நான். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

"ஏன்?" என்று இவர் திரும்பினார்.

என்ன சொல்வேன்? ஒரு வருடத்துக்கு எதற்கு நான்கு ஸ்லோட் என்று என் மனம் கணக்குப் போட்டதைச் சொல்வதா? அந்த எண்ணம் வந்த நொடியிலேயே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. காலியான இரண்டு ஸ்லோட்டையும் அவர் இல்லாத வீட்டில் நான் தினம் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயமும் இருந்தது. இரண்டையும் சொல்ல முடியாமல், "பெருசு மேசைய அடைக்குமே" என்று உளறினேன்.

"இடம் இருந்தா நல்லதுதான்" என்றார். பிறகு அந்தச் சின்ன விளக்குகள் எதற்கு என்று விசாரித்தார். ஸ்விட்சைப் போட்டதும் பலகை ஒவ்வோர் உறுப்பாகச் சோதிக்கும், சோதிக்கும்போது அதற்குரிய விளக்கு எரியும், நலமாக இருந்தால் அடங்கிவிடும், ஏதாவது ஒன்று அடங்காமல் எரிந்தால் கோளாறு அங்கேதான் என்று கடைக்காரர் விளக்கினார். இவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அப்புறம் என்னிடம், "பசிக்குது. கீழ போயி ரெண்டு வடை வாங்கிட்டு வாயேன்" என்றார். அவர் வாயால் பசி என்று கேட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. நான் ஓடினேன். திரும்பி வந்தபோது பெரிய பலகை பைக்குள் போயிருந்தது. வடையில் பாதியைத்தான் தின்றார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எல்லாத் துண்டுகளையும் பரப்பினோம். அவர் திருப்புளியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என் கை நடுங்குது. நீ போடு."

"நானா? ஏற்கெனவே ஒண்ணக் கொன்னவ நான்."

"அதான் சொல்றேன். கொன்னவளுக்குத்தான் உயிர் கொடுக்கவும் தெரியணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். இந்த ஆணியை முதலில் லேசாக முடுக்கு, அந்தக் கம்பியை இழுக்காதே, ரேமை இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்து. அது உடைந்துவிடும் என்ற பயத்தில் நான் தடவிக்கொண்டிருந்தேன். "கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. அதுக்கு வலிக்காது" என்றார். செருகியதை மறுபடி கழற்றச் சொன்னார். மறுபடி செருகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பி கலந்து கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "குடிச்சிட்டு சும்மா இருங்க" என்றேன். குடித்துவிட்டு, இன்னொரு தடவை கழற்றிப் போடு என்றார். இப்படியே மூன்று நாள் ஆனது.

கடைசியில் ஸ்விட்சைப் போட்டேன். சின்ன விளக்குகளில் முதலாவது எரிந்தது.

"நாலும் அணையணும். அப்பத்தான் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"விளக்க அணையணும்னு சொல்லாதீங்க" என்று சீறினேன். எங்கள் வீட்டில் சாமி விளக்கைக்கூட அணை என்று யாரும் சொல்வதில்லை, குளிர வை என்றுதான் சொல்வோம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி, நாலும் குளிரணும். போதுமா?"

ஒவ்வொன்றாக எரிந்து நான்கும் குளிர்ந்தன. திரையில் வெளிச்சம் வந்தது. அவர் கை தட்டினார்.

அடுத்த ஆயுத பூசைக்கு அவர் இல்லை. அவருடைய பதினாறாம் நாள் அழைப்பையும் அந்தக் கணினியில்தான் செய்தேன். எத்தனையோ வீடுகளுக்குச் செய்துகொடுத்த அதே அட்டைதான், பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு பகல் பிடித்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை, கல்யாண அட்டை ஒன்று அவசரமாக முடிக்க வேண்டியிருந்தபோது திரை கறுப்பாகவே கிடந்தது. மனிதரும் போய், இதுவும் போனதா என்று முதலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டாவது விளக்கு அடங்காமல் எரிந்துகொண்டிருந்தது. அது ரேமுக்குரிய விளக்கு. பட்டைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி கிளிக் என்று செருகிப் பார்த்தேன். அப்போதும் எரிந்தது. இரண்டையும் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயில் ஏறினேன்.

கடைக்காரர் சோதித்துவிட்டு, ஒன்று கெட்டுவிட்டது என்று அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கொடுத்தார்.

"ரேம்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க ஆன்ட்டி?"

"விளக்கு எரிஞ்சுதே."

"அங்கிள் வரலையா?"

சொன்னேன். அவர் பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஆன்ட்டி, அங்கிள் சொல்ல வேணாம்னுதான் சொன்னாரு. இனிமே சொன்னா தப்பில்லன்னு நெனைக்கிறேன். அன்னைக்கு நீங்க வடை வாங்கப் போனீங்கள்ல, அப்ப சொன்னாரு. 'பாஸ், எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான். வீட்டுல அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டா. நான் இல்லாதப்ப எது கெட்டுச்சுன்னு யாரையும் கேக்காம அவளே தெரிஞ்சுக்கிற மாதிரி போர்ட் வேணும். அவ தொழிலு நிக்கக் கூடாது'ன்னாரு. அதான் அந்த போர்ட்."

நான் படியில் இறங்கி, அவர் நின்று நின்று ஏறிய அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம்தான் முதலில் வந்தது. அவர்மேலும் என்மேலும். ஆஸ்பத்திரிக் கோப்பு ஒவ்வொரு தடவையும் அவர் மடியில்தானே இருந்தது? அதைப் படிக்கத் தெரியாதவரா அவர்? கை நடுங்குகிறது என்று திருப்புளியை என்னிடம் தள்ளியவர், அன்று நான் கொடுத்த விளிம்புவரை நிறைந்த காப்பியை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேனே. ஒரே பூசணிக்காயை அவர் என்னிடமிருந்தும் நான் அவரிடமிருந்தும் மறைத்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். சேர்ந்து ஒருமுறை அழுதிருக்கலாம். அதைக்கூட விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவித் துடைத்தேன். ரேமை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தினேன். பக்கத்தில் இரண்டு ஸ்லோட் இன்னும் காலியாக இருந்தன. அவை அவருடைய நாட்களுக்காக விட்ட இடமல்ல, என் நாட்களுக்காக விட்ட இடம் என்று இப்போது தெரிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். முதல் விளக்கு எரிந்து அடங்கியது. இரண்டாவது எரிந்து, என்னைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டு, அடங்கியது. மூன்றாவது, நான்காவது.

நாற்காலியில் யாரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"நாலும் குளிர்ந்துடுச்சுங்க."