உயிரோடு ஒரு குளிசை

வாப்பாவை நெஞ்சுச் சளிக்காக வார்டில் வைத்திருக்கிறோம். ஏற்றிய மருந்தில் சளி குறைந்தது, ஆனால் வயிறு குழம்பிவிட்டது. நேற்றிலிருந்து கஞ்சியைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

இன்று காலை டொக்டர் வயிற்றுக்குப் புதிதாக ஒரு குளிசை எழுதினார். நான் வழக்கம்போல பிளாஸ்கைத் திறந்து சூடான பிளேன்டீ ஊற்றினேன். எங்கள் வீட்டில் எந்தக் குளிசையும் பிளேன்டீயோடுதான் இறங்கும்.

தாதி ஓடி வந்து தடுத்தார். "சூட்டோட குடுக்காதீங்க. உள்ளுக்கு நல்ல கிருமி உசிரோட இரிக்கி. செத்துப் போகும்."

வாப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "உசிரோடயா? பிஸ்மி சொல்லி அறுக்காம அப்புடியே முழுங்கிறதா?"

"நீங்க தின்னுற தயிருக்குள்ளயும் இந்த மாதிரிக் கிருமிதான் வாப்பா" என்றார் தாதி.

கொஞ்சம் யோசித்தார். பிஸ்மி சொல்லி, ஆறிய தண்ணீரோடு விழுங்கினார். பிறகு வயிற்றைத் தடவியபடி தாதியிடம் கேட்டார்: "உள்ளுக்குப் போய் அதுகள் என்னத்தத் தின்னும்?"

"நீங்க தின்னுறதத்தான். நீங்க தின்னாட்டி அதுகளும் பட்டினி."

வீட்டுக்கு வந்த யாரையும் சோறு கொடுக்காமல் அனுப்பாத மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மகள், அந்தக் கஞ்சிய எடு."

பாதிக் கோப்பை முடிந்தது. உம்மா ஓதி ஊதியும், நான் கெஞ்சியும் நடக்காத காரியம்.

இப்போது எருமைத் தயிர் வேண்டுமாம். "எனக்கில்ல, அதுகளுக்கு" என்கிறார். சளி மாறும்வரை தயிர் கூடாது என்பது உம்மாவின் சட்டம்.

தைரியமுள்ளவர்கள் யாராவது உம்மாவிடம் கதைத்துப் பாருங்கள்.