சொந்த முயற்சிக்கு ஐந்தே புள்ளி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் அறிவியல் படைப்புப் போட்டி வைத்திருந்தது. மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. மின்பொறியாளர், பெண், தமிழும் நன்றாகப் பேசுவேன். என்னைவிடத் தோதான ஆள் கிடைக்காது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு முந்தைய ஒரு வருடமாகப் பள்ளி பள்ளியாகப் போய், 'பயப்படாதீங்க, சயன்ஸ் எடுங்க, எஞ்சினியரிங் உங்களுக்கும்தான்' என்று பேசிக்கொண்டிருந்தவள் நான். கிள்ளான், காப்பார் என்று எங்கே கூப்பிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பதினாறு வயதில், பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நான்காம் படிவத்தில், நம் பிள்ளைகள் ஏன் அறிவியல் பிரிவைக் கண்டு ஓடுகிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இது தெரிந்தால்தான் நான் செய்த காரியம் எவ்வளவு அசிங்கம் என்று உங்களுக்குப் புரியும்.

இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. மேசை மேல் இருப்பதில் பாதி, பெற்றோர் உட்கார்ந்து செய்து கொடுத்ததாக இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்று சிரிக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்காகவே புள்ளித்தாளில் 'சொந்த முயற்சி' என்று ஒரு கட்டம் இருந்தது, இருபத்தைந்து புள்ளி.

காப்பாரிலிருந்து வந்த ஒரு மூன்றாம் படிவ மாணவி ஓரத்து மேசையில் நின்றாள். வீட்டுக்கு முன்னால் இருக்கும் கால்வாயில் தண்ணீர் ஏறினால் சத்தம் போடும் கருவி. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் கழிவறைத் தொட்டியிலிருந்து கழற்றிய மிதவை, பழைய மோட்டார் சைக்கிளின் பேட்டரியும் ஹாரனும். தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ஹாரன் அலறியதில் பக்கத்து மேசைக்காரர்கள் துள்ளிவிட்டார்கள். குழாயின் அடியில் கொசுவலை கட்டியிருந்தது.

"வலை எதுக்கும்மா?" என்றேன்.

"எல பூந்துக்கும் மிஸ். அப்புறம் மிதவை மேல வராது. மொத தடவ அப்படித்தான் ஆச்சு."

அந்த ஒரு பதில் போதும். தானே செய்து, தோற்று, திரும்பச் செய்தவர்களுக்குத்தான் அந்தப் பதில் வரும். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண் ஒயர் இணைப்புகளில் இருந்தது. அத்தனை சுத்தம். பதினைந்து வயதுப் பிள்ளையின் வேலை மாதிரி இல்லையே என்று நிமிர்ந்தேன். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா நின்றிருந்தார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வேலைச் சட்டையும் காலில் கனத்த சப்பாத்துமாக நேரே வந்திருந்தார். இயந்திரத்தோடு பழகுகிற ஆள். சரி, விஷயம் இதுதான் என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"இதுக்கு யார் யார் உதவி செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாதான் மிஸ். அப்புறம் டீச்சர். அவங்க இல்லாட்டி இது முடிஞ்சிருக்காது."

'நீ என்ன செஞ்சே?' என்பது அடுத்த கேள்வி. அதை நான் கேட்கவில்லை. இருபத்தைந்துக்கு ஐந்து போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அங்கே சுபாங் ஜெயாவிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள். 'நான் டிசைன் பண்ணேன், நான் புரோகிராம் எழுதுனேன்' என்று ஆளுக்கொரு பக்கம் ஆங்கிலமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார்கள். அவர்கள்தான் முதல் பரிசு. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 'நான்' என்று சொல்ல யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பரிசளிப்பு முடிந்து நான் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அப்பா தயங்கித் தயங்கி வந்தார்.

"மிஸ், ஒரு நிமிஷம். இவளுக்கு அடுத்த வருஷம் படிவம் நாலு. சயன்ஸ்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எனக்கு அதப் பத்தி ஒன்னும் தெரியாது. எங்கண்ணன் மகன் எடுத்துட்டு, முடியாம பாதியில நின்னுட்டான். அதான் பயமா இருக்கு. நீங்க எஞ்சினியர், நீங்க சொல்லுங்க. ஓகேன்னா நாளைக்கே போர்ம்ல சைன் பண்ணிடுறேன்."

அந்தப் பெண் நாலடி தள்ளி மேசையை ஒழுங்குபடுத்துவதுபோல் நின்றாள். காது முழுக்க எங்கள் பக்கம்தான்.

பிள்ளையின் வேலையைத் தான் செய்துவிட்டு என்னிடமே வந்து கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். நாசூக்காக ஒரு குட்டு வைப்போம் என்று தோன்றியது.

"அண்ணே, சயன்ஸ்னா சொந்தமா யோசிச்சு, சொந்தக் கையால செய்யணும். அது உங்க மககிட்ட இன்னும் வரல. கஷ்டப்படுத்தாதீங்க. அக்கவுன், கணக்கியல் பிரிவு எடுக்கட்டுமே, நல்ல வேலை கெடைக்கும்."

குட்டு அவருக்கு விழவே இல்லை. வைத்தியர் சொன்னதைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரிங்க மிஸ். படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அவள் ஹாரனைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள். எனக்கு அன்று மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

அடுத்த வருடம் நடுவில், கடல் பெருக்கும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து காப்பார்ப் பக்கம் கம்பம் என்கிற கிராமங்கள் சிலவற்றில் தண்ணீர் புகுந்தது. மறுநாள் நண்பர்களோடு பாயும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு வரிசை வீடுகளில் மட்டும் பெரிய சேதம் இல்லை. அங்கிருந்த ஓர் ஆன்டியிடம் எப்படி என்று கேட்டேன்.

"மத்தியானமே ஹாரன் அடிச்சிருச்சு லா. தண்ணி வாசலுக்கு வர்றதுக்குள்ள ஃபிரிட்ஜ், மெத்தை எல்லாம் மேல தூக்கி வச்சிட்டோம். எதுத்த வீட்டுப் பொண்ணு செஞ்சு வச்சது."

கால்வாய் ஓரம் போய்ப் பார்த்தேன். அதே குழாய். அடியில் அதே கொசுவலை.

"அவங்க அப்பா செஞ்சு குடுத்ததா ஆன்டி?"

அவர் சிரித்துவிட்டார். "அவரா? அவரு வீட்டுல பல்பு மாத்தணும்னாகூட மகதான் ஏறணும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாரு, அதோட சரி. இந்த லைன்ல ஃபேன் ஓடலன்னா எல்லாரும் அந்தப் பொண்ணத்தான் கூப்புடுவோம்."

எதிர்வீட்டுக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவள் துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து ஒரு நாற்காலியைக் கழுவிப் போட்டாள். என்ன பிரிவு என்று கேட்டேன். "அக்கவுன் மிஸ்," என்றாள், சாதாரணமாக.

"அன்னைக்கு ஏம்மா அப்பா செஞ்சாருன்னு சொன்ன?"

"செஞ்சாருன்னு சொல்லல மிஸ். யாரு உதவி செஞ்சாங்கன்னுதான கேட்டீங்க? நான் பசை போடுறப்ப அப்பாதான் குழாயப் புடிச்சிக்கிட்டாரு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியவங்க முன்னால நான் நான்னு பேசக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. அப்பாவும் அன்னைக்குத் தூங்காம வந்திருந்தாரு, பாவம்."

எனக்குத் தெரியாத பழக்கமா இது? பரிசு வாங்கினால்கூட 'எல்லாம் உங்க ஆசீர்வாதம்' என்று சொல்ல வைத்து வளர்த்த வீடுதான் என்னுடையதும். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக வீட்டில் யாராவது ஒருவர் புத்தகமும் கையுமாக இருப்போம். நான் அந்தப் போட்டி மண்டபத்தில் நின்று அடக்கமாகப் பேசியிருந்தால் அதை அடக்கம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மகள் பேசியபோது, நான் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவள் பள்ளிக்குப் போய் விசாரித்தேன். பாதி வருடம் போய்விட்டது, மூன்று அறிவியல் பாடங்களையும் கூடுதல் கணிதத்தையும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அப்பா எழுதிக் கேட்டால் யோசிக்கலாம் என்றார்கள். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ். அவருதான் உங்ககிட்ட வந்து கேட்டாரு. தெரிஞ்சா எல்லாம் தன்னாலதான்னு நெனச்சிக்குவாரு. எனக்கும் இப்ப பழகிடுச்சு."

நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும். நானே இரவுப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வேண்டாம் என்றபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லையே என்ற நிம்மதி. நான் போட்ட ஐந்து புள்ளியைவிட இதுதான் எனக்கு வெட்கம்.

இப்போது அவள் கிள்ளானில் ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். நான் இன்னும் நடுவராகப் போகிறேன். 'யார் உதவி செஞ்சாங்க' என்று கேட்பதில்லை. 'கழட்டிக் காட்டு, திரும்ப மாட்டு' என்கிறேன். இருபது நிமிடம் ஆனாலும் நின்று பார்க்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு அவள் அப்பா வற்புறுத்திக் கூப்பிட்டதால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வந்திருந்த உறவினர்களிடமெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இவங்கதான் அந்த எஞ்சினியர் மிஸ். இவங்க சொன்ன வழியிலதான் மகளப் போட்டேன். இல்லாட்டி நான் தடுமாறியிருப்பேன்." அவள் முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்து, எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அறிவியலுக்கு வாருங்கள் என்று மேடை மேடையாக நான் கூப்பிட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கூப்பிடாமலே வாசல் வரை வந்த ஒருத்தியை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்பது மட்டும் தெரியும்.