கடலரசனுக்கு ஒரு வாந்தி மாத்திரை

1. பிரெண்டுக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் பார்மசிஸ்ட். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது, இன்னும் அதே கவுண்டர்தான். புதிதாக பி.பார்ம். முடித்து வரும் பிள்ளைகள், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்பார்கள். இன்சுலின், ஆன்டிபயாட்டிக் என்று பெரிய விஷயமாக எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாந்திதான்.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டமே இல்லாத நேரம், கலியமூர்த்தி அண்ணன் எதிர்ப் பிளாட்பாரத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். காலாப்பட்டுப் பக்கம் மீனவ கிராமம் அவருக்கு. சொந்தமாக விசைப்படகு, துறைமுகத்தில் மீன் வியாபாரம், ஊரில் நல்ல மரியாதை. பி.பி. மாத்திரை மாதாமாதம் என்னிடம்தான் வாங்குவார். அன்றைக்கு என்னவோ, திருட வந்தவர் போல நாலு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"தங்கச்சி, ஒரு பிரெண்டுக்கு. கப்பல்ல போறாரு. வாந்தி வராம இருக்க எதுனா குடேன்."

"பிரெண்டுக்கு என்ன வயசுண்ணே?"

"எங்க வயசுதான்."

"பி.பி. இருக்கா?"

"எனக்கு இருக்கற அளவுக்குதான் இருக்கு."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

அவருடைய மகள் மஞ்சுளாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம், இந்த ஊர்க்காரர்தான். சின்ன வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து பிரான்சிலேயே தங்கிவிட்டவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் பாரீசிலிருந்து போன் போட்டு, "நானும் கடல்ல இருந்தவன், சம்பந்தியும் கடல்காரரு. நிச்சயதார்த்தத்தை மண்டபத்துல வச்சா நல்லாவா இருக்கும்? கப்பல்லியே வச்சிக்கலாம்" என்று சொல்லி, சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் இரண்டு குடும்பத்துக்கும் டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

"நானும் வீராப்பா சரின்னுட்டேன். எனக்குக் கடல் ஏறுனா ஆவாது தங்கச்சி. சின்ன புள்ளையிலேர்ந்தே கொமட்டும். அதனாலதான் கரையிலியே யாவாரம் பாக்கறேன். பத்து தலமுறையா கடல்ல போன குடும்பம். சம்பந்தி முன்னாடி, தட்டு மாத்தற நேரத்துல நான் வாந்தி எடுத்தேன்னு வையி, எம் பொண்ணு அந்த வூட்ல எப்படித் தல நிமிந்து வாழும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

2. கடலரசன், வயது ஐம்பத்தெட்டு

கடல் குமட்டலுக்குச் சில மாத்திரைகளைச் சீட்டு இல்லாமலே தரலாம். சிலவற்றுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நானாக எதையும் எடுத்து நீட்ட மாட்டேன். "டாக்டரைப் பாத்து எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பினேன்.

சாயந்திரமே சீட்டோடு வந்தார். மருந்து சரியாக இருந்தது. நோயாளி பெயர் என்ற இடத்தில் 'கடலரசன்' என்று எழுதியிருந்தது.

"யாருண்ணே இந்தக் கடலரசன்?"

"எங்க படகும்மா."

தெரிந்த டாக்டரிடம் போனால் ஊருக்குள் செய்தி பரவிவிடும் என்று உழவர்கரையில் யாரோ புது டாக்டரைத் தேடிப் போய், படகின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பி.பி. இருப்பதையும் சொல்லவில்லை. கேட்டால், "படகுக்கு ஏதும்மா பி.பி.?" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் சீட்டை அவர் சட்டைப்பையிலேயே திருப்பிச் சொருகினேன். சொந்தப் பெயரில், சொந்த பி.பி.யோடு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்த பிறகுதான் மருந்தைக் கொடுத்தேன்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். வெறும் வயிறும் கூடாது, மூக்கு முட்டச் சாப்பாடும் கூடாது. தலை சுற்றினால் ரூமுக்குள் படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து தூரத்தில் தெரியும் கடல் விளிம்பைப் பார்க்க வேண்டும். வாய் வறளும். தூக்கம் வரும். யாருக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் வேலை இல்லாத ஒரு நாள் வீட்டில் இருக்கும்போது ஒரு மாத்திரை போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் விடியற்காலை அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக மீன் ஏலத்துக்குப் போயிருக்கிறார்.

நம் பக்கத்து ஏலத்தில் வாய் திறந்து கத்துகிறவர்கள் பாதிப் பேர்தான். பெரிய வியாபாரிகள் தலையை ஆட்டினாலே கணக்கு. அண்ணன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கித் தூங்கி விழுந்திருக்கிறார். ஒவ்வொரு தடவை தலை தொங்கும்போதும் ஒரு கூடை காரப்பொடி மீன் அவர் பெயரில் முடிந்திருக்கிறது. எழுப்பிப் பார்த்தபோது துறைமுகத்தில் அன்றைக்கு இறங்கிய காரப்பொடி மொத்தமும் அவருடையது.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் காரப்பொடிக் குழம்பு. டாக்டர் தூக்கம் குறைவாக வரும் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார்.

3. ஆட்டுக்கு

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அண்ணனுடைய தம்பி வந்தார், ஆபீஸ் நண்பருக்கு என்று. அவர் வேலை பார்க்கும் ஐஸ் பேக்டரியில் ஆபீஸ் என்று இருப்பதே அவர் ஒருத்தர்தான். பிறகு மச்சான் வந்தார், மாமியாருக்கு என்று. மாமியார் காலமான செய்தியைப் போன வருஷம் அவரே என்னிடம் சொல்லியிருந்தார். கடைசியாக அண்ணனின் படகு டிரைவர் ஏழுமலை வந்தான். தினமும் கடலுக்குப் போகிறவன், அவனையும் கப்பலுக்குக் கூட்டிப் போவதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

"மேடம், எங்க வூட்டு ஆட்டை வேன்ல ஏத்திட்டுப் போவணும். அதுக்கு வாந்தி வராம இருக்க..."

"ஆடு எத்தனை கிலோ?"

"ஒரு எழுபது."

"பெரிய ஆடுதான். வேற மருந்து எதுனா சாப்பிடுதா?"

"அதெல்லாம் இல்ல." கொஞ்சம் யோசித்தான். "ராத்திரியில லைட்டா சரக்கு சாப்பிடும். பரவால்லியா மேடம்?"

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான். புதுச்சேரியில் கவுண்டருக்குப் பின்னால் நின்று இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிருக்கிறது. "அந்த ஆட்டுக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, கப்பல்ல சொட்டு கூடத் தொடக்கூடாது" என்றேன். அவன் "சரிங்க மேடம், சொல்றேன்" என்றான். கப்பல் என்று நான் சொன்னதை அவன் கவனிக்கவே இல்லை.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. திறந்த படகில் முகத்தில் காற்று அடிக்க நிற்கிறவனுக்குக்கூட, ஜன்னல் இல்லாத கப்பல் ரூமில் அடைத்து ஏசி போட்டால் குமட்டலாம். இதை வாய் விட்டுச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியமில்லை. ஒருத்தர் சங்கதியை இன்னொருத்தரிடம் சொல்வது என் தொழிலுக்கும் அடுக்காது. எல்லாரும் தனித்தனியாக வாங்கிப் போனார்கள், நானும் தனித்தனியாக விளக்கம் சொன்னேன்.

4. கணக்கு டீச்சர்

கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் அண்ணன் மறுபடி வந்தார். "நீயும் வா தங்கச்சி, உனக்கும் டிக்கெட் சொல்லிட்டேன். நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியம்." மெடிக்கல் ஷாப்காரியை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். நான் மஞ்சுளாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சராம். எனக்குக் கணக்கு என்றால் 'சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ராத்திரி அரை' என்பதோடு சரி. கப்பலைப் பார்க்கும் ஆசையில் ஒத்துக்கொண்டேன்.

கப்பலில் ஏறியதும் தம்பி, மச்சான், ஏழுமலை மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் என்னை டீச்சர் என்று அறிமுகம் செய்தபோது, யாருமே "இவங்க மெடிக்கல் ஷாப்பாச்சே" என்று கேட்கவில்லை. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே! எல்லாரும் "வணக்கம் டீச்சர்" என்று பயபக்தியாகக் கும்பிட்டார்கள்.

முசே வேலாயுதம் வெள்ளைக் கோட்டும் சூட்டுமாக, நரைத்த முடியைக் காது மறைய வாரிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "கடல்னா எனக்கு வீடு மாதிரி டீச்சர். அத்லாந்திக்ல பாக்காத அலையா!" என்றார். அண்ணனும் விடுவாரா? "எங்களுக்கெல்லாம் தரையிலதான் தலை சுத்தும் முசே" என்றார். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்ததால் அதைச் சொல்லி முடிக்கவே ரெண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

கப்பல் கிளம்பியது. நல்ல நேரம் பார்த்துத் தாம்பூலத் தட்டை எடுத்தார்கள். அண்ணன் தெளிவாகத்தான் நின்றார். மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அப்போதுதான் முசேயின் நெற்றியில் சந்தனம் வைக்கப் போன அவர் அக்கா, "ஐயோ, கண்ணு!" என்று அலறினார்.

முசேயின் வலது கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து கருகருவென்று பெரிதாக இருந்தது. இடது கண் சாதாரணமாக இருந்தது. யாரோ "பக்கவாதம்" என்றார்கள். இன்னொருத்தர் "தட்டு எடுக்கும்போதா இப்படி ஆவணும்" என்று முணுமுணுத்தார். மஞ்சுளா முகம் வெளுத்துவிட்டது. கப்பல் டாக்டர் ஓடி வந்து கை கால்களைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

"எதுனா மருந்து எடுத்துக்கிட்டீங்களா சார்?"

"நோ! எனக்கு எதுக்கு மருந்து?"

அப்படியானால் தலையில் ஏதாவது இருக்கலாம், கப்பலைத் திருப்பி இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார் டாக்டர். தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பொறி தட்டியது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்துப் பட்டை, அதாவது பேட்ச், உண்டு, கடல் குமட்டலுக்கு. வெளிநாட்டில் சீட்டுக்குத் தருவது. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண் பாப்பா மட்டும் விரிந்துவிடும். ஓரிரு நாளில் தானே சரியாகும். நான் முன்னால் போய், "முசே, காதுக்குப் பின்னாடி பட்டை ஒட்டியிருக்கீங்களா?" என்றேன்.

அவர் கை சட்டென்று காதுக்குப் போய்ப் பாதியில் நின்றது. "நீங்க கணக்கு டீச்சர்தானே? உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சீறினார். டாக்டரும், "டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நான் யார் என்று தெரிந்த மூன்று பேரும் கூரையில் தொங்கிய விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது கலியமூர்த்தி அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், அவங்க டீச்சர் இல்ல. மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டு. நான்தான் பொய் சொல்லி இட்டுக்கினு வந்தேன்." "எனக்குக் கடல் ஏறுனா வாந்தி வரும். மாத்திரை போட்டுக்கினுதான் இங்க நிக்கறேன். அந்த மாத்திரையை எனக்குக் குடுத்ததே அவங்கதான். அவங்க சொல்றதைக் கேளுங்க."

பிறகு பின்னாலிருந்து ஏழுமலை, "என் ஆட்டுக்கும் அவங்கதான் குடுத்தாங்க" என்றான். தம்பியும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்கள்.

முசே காதோரத்து முடியை ஒதுக்கினார். வட்டமாக ஒரு பட்டை.

"கடற்படையில நான் கப்பல்ல இருந்தது ரெண்டு வாரம்தான் சம்பந்தி" என்றார் மெல்ல. "வாந்தி தாங்காம கரையிலியே ஸ்டோர்ல உக்கார வச்சிட்டாங்க. பென்ஷன் வரைக்கும் அங்கதான்."

டாக்டர் பட்டையை எடுக்கச் சொன்னார், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார், மறுபடி ஒரு தடவை முழுக்கப் பரிசோதித்துவிட்டு, பயமில்லை என்றார். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றிவிட்டோம். மஞ்சுளா அப்பாவின் காதருகே போய், "நீ வாந்தி எடுக்கறது நம்ம ஊருக்கே தெரியும்பா. நீ வருத்தப்படுவியேன்னு யாரும் சொல்லல" என்றாள். அண்ணன் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பட்டையை எடுத்ததால் அன்று சாயந்திரம் முசேக்குக் குமட்டல் ஆரம்பித்தது. மேல்தளத்தில் அவர் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, கலியமூர்த்தி அண்ணன் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லா எடுங்க சம்பந்தி. வெக்கப்படாதீங்க. எனக்குத் தெரியாதா!"

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் அத்தனை பேரையும் துருவித் துருவிக் கேட்டேன், அண்ணன் ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். அவர் தன் வாந்தியைச் சொன்னதும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது யாராவது கவுண்டரில் வந்து "பிரெண்டுக்கு" என்று இழுத்தால், "எனக்கும் அதே தொல்லைதாங்க" என்று நானே முந்திக்கொள்கிறேன். எனக்கு அப்படி ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அவர் முகம் உடனே தெளிந்து, "அப்படியா மேடம், எனக்கும்தான்" என்கிறார். பி.பி. இருக்கிறதா, இந்த மருந்துகள் ஆகாத கண் பிரஷர் இருக்கிறதா என்று அதற்கப்புறம் கேட்டால் உண்மையான பதில் வருகிறது.