சித்தப்பா காட்டிய டாட்டா

எங்கள் கேப்டனை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் சித்தப்பா என்றுதான் சொல்வோம். இருபத்தாறு வருடம் விமானம் ஓட்டியவர். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் சட்டை கசங்காது. புதிதாக வரும் துணை விமானிகளிடம், "நீங்கள்லாம் புத்தகத்துல பறக்கிறீங்க, நான் காத்துல பறக்கிறேன்" என்பார். நாங்களும் சிரித்துவைப்போம். இது நடந்தது, துணை விமானியாக அவருடன் நான் பறந்த ஒன்பதாவது நாள்.

விமானத்தைப் புறப்படும் இடத்திலிருந்து தள்ளிவிடும் இழுவை வண்டிக்காரர், முன்சக்கரத்தில் விரல் நீள இரும்புப் பின் ஒன்றைச் செருகுவார். அது இருக்கும்வரை சக்கரம் எங்கள் கைக்குத் திரும்பாது. தள்ளி முடித்ததும் பின்னைப் பிடுங்கி, அதில் தொங்கும் சிவப்பு நாடாவைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் கேப்டன் கட்டைவிரலை உயர்த்த வேண்டும்.

அன்று பத்து நிமிடத் தாமதம். பின்னைப் பிடுங்கக் குனிந்த வண்டிக்காரர் நிமிர்வதற்குள் சித்தப்பா விரலை உயர்த்திவிட்டார். விமானம் நகர்ந்தது. வண்டிக்காரர் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்தார்.

"பாரும்மா, என்ன பாசம்!" என்று சித்தப்பாவும் கையாட்டினார்.

எதிரே, பின் இன்னும் சக்கரத்தில் இருப்பதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்தேன். அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

முதல் வளைவில் அவர் திருப்பினார். விமானத்தின் மூக்கு திரும்பவில்லை. பிரேக் பிடிப்பதற்குள் எழுபது பயணிகளோடு நேராகப் போய் ஈரப் புல்லில் புதைந்து நின்றோம். யாருக்கும் காயமில்லை. ஏணி வைத்து இறக்கினார்கள். சித்தப்பா ஏணியடியில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட ஒரு பெரியவர், "அடுத்து எந்த வயலை உழணும் தம்பி?" என்றார். சித்தப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

மேலாளர் அறையில் வண்டிக்காரர் தொப்பியைக் கசக்கியபடி கதவோரம் நின்றார்.

"பின்னைக் காட்டினானா?" என்று சித்தப்பாவைக் கேட்டார் மேலாளர்.

"காட்டல," என்றார் சித்தப்பா. அது உண்மைதான்.

"அப்ப முடிஞ்சுது. நாளையிலேர்ந்து இவன் வர வேணாம்."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொள்வது மரியாதை என்று வளர்ந்தவள். அந்த அறையில் என் வாயை மூடியது மரியாதையா, பயமா? வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காட்ட நான் விடல சார்," என்றார் சித்தப்பா, மேசையைப் பார்த்தபடி. "அதுக்கு முன்னாடியே விரலைக் காட்டிட்டேன். இவர் நிறுத்தச் சொல்லி ஓடி வந்தாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"டாட்டா காட்டினேன்."

மேலாளர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். "நீ போய் வேலையைப் பாருப்பா," என்று வண்டிக்காரரை அனுப்பினார். எங்கள் இருவருக்கும் மறுபயிற்சி. அதுவரை பறக்கக் கூடாது.

சித்தப்பா டாட்டா உட்பட எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதி, படிவத்தை என் பக்கம் தள்ளினார். மஞ்சள் விளக்கைப் பார்த்ததை எழுதினேன். அவர் படித்தார்.

"ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார்."

"ஒன்பது நாள்ல நீ சொன்ன ஒண்ணையாவது நான் காதுல வாங்கியிருக்கேனா?"

இல்லையென்று தலையை அசைத்தேன்.

வெளியே வண்டிக்காரர் காத்திருந்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சார், புல்லுதானே. முளைச்சிரும்," என்றார் அவர்.

சித்தப்பா தலை நிமிரவில்லை. நானும்தான்.