ஆகாயத்தில் பேசிய பாக்கியம்

சுங்கைப் பட்டாணியில் என் மகன் இருக்கும் தாமான் குடியிருப்பில் பழைய பேப்பர் வாங்கும் வேன் ஒன்று சுற்றும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு பெண், "சூராட் காபார் லாமா..." என்று மலாயில் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போவாள். ஓட்டுகிறவரோ பல்லில்லாத ஒரு சீனக் கிழவர். அந்தப் பெண் யாரோ, இப்போது எங்கே இருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். போன வாரமும் போனேன். "மறுபடியும் பேப்பர் வேனா அத்தே? போடறதுக்கு நம்மகிட்ட பேப்பரே இல்ல லா" என்றாள் மருமகள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு குரல் தன் ஆளை விட்டுவிட்டுத் தனியாகப் போவதை நான் முதன்முதலில் கேட்டது, மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்கார அரசோடு போரிட்ட அவசரகாலத்தில். உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் கடைசி ஆண்டு. குருணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. வாரநாளில் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளை மேய்த்துவிட்டு, வாரக் கடைசியில் நாங்களே பிள்ளைகளாகிவிடுவோம். பள்ளியின் பின்பக்கத்தில், நூலகம் என்று பேர் வைத்த ஓர் அறை. முதலாண்டுப் பயிற்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளைக் கொண்டு வந்து சரிபார்த்துக்கொள்ள அங்கே மூத்த மாணவி ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒருத்தி நான். சிவப்பு மை கையில் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் தலை கனக்கும். எனக்கு நன்றாகவே கனத்தது. பக்கத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை. கட்டுரைத் தாள்கள், என் சேலை, மத்தியானச் சோறு எல்லாவற்றிலும் அந்தப் புகைவாசம்தான். நான் திருத்திய 'நான் ஒரு குடை', 'நான் ஒரு பால்மரம்' தன்கதைகளுக்கெல்லாம் இன்றைக்கும் எனக்கு ஒரே வாசம்.

அங்கே வந்தவள்தான் பாக்கியம். ஜெராய் மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் அவளும் அவள் அம்மா அஞ்சலையும் மட்டும். அப்பா கிடையாது. எழுத்து சுத்த மோசம். பேசுகிற மாதிரியே எழுதுவாள். ஆனால் அந்த மோசமான கட்டுரையை அவள் வாய்விட்டுப் படித்தால் அறையிலிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். சற்றே கரகரத்த, அவசரமே இல்லாத குரல். யாரோ நம் தோளில் கை வைத்த மாதிரி இருக்கும்.

அந்தக் குரலைத் தேடி ஓர் அதிகாரி வந்தார். காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே வரச் சொல்லி விமானத்திலிருந்து ஒலிபெருக்கியில் பேசும் ஏற்பாடு அப்போதுதான் தொடங்கியிருந்தது. தமிழுக்கு ஒரு பெண்குரல் வேண்டுமாம். பாக்கியத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், ஒரு தாளைக் கொடுத்தார். அவள் நேராக என்னிடம் கொண்டு வந்தாள்.

'வனத்தினுள் மறைந்து வாழும் நபர்களே, தாமதமின்றிச் சரணடைவீர்களாக' என்று இருந்தது. பிழையே இல்லை. எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

"இப்படிக் கூப்பிட்டா எவன்க்கா வருவான்?" என்றாள். "எங்கம்மா கூப்பிட்டா நான் வருவேன். எங்கம்மா எப்படிக் கூப்பிடும் தெரியுமா?"

சொல்லிக் காட்டினாள். நான் எழுதிக்கொண்டேன். *தம்பி, பசியாறிட்டியா? வெயில் ஏறுது. சடக்குப் பக்கமா வந்துரு. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வந்துரு தம்பி.*

"சடக்கைச் சாலை என்றும், பசியாறிட்டியாவைப் பசியாறினாயா என்றுமாவது போடலாமே" என்றேன்.

"தம்பியப் பரீட்சை எழுதவா கூப்பிடறோம்?" என்று சிரித்தாள். என் சிவப்புப் பேனா அன்றைக்குத் தோற்றது. அதிகாரியும் ஏனோ மறுக்கவில்லை. அலோர் ஸ்டாருக்குக் காரில் அழைத்துப் போய்ப் பதிவு செய்து, கையில் ஒரு டின் பிஸ்கட்டோடு கொண்டு வந்து விட்டார்கள். பிஸ்கட்டை அறையில் எல்லோரும் தின்றோம்.

விமானம் வருவதற்கு முன்பே பாக்கியம் போய்விட்டாள். காய்ச்சல். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார்கள், அடுத்த சனிக்கிழமை அவள் இல்லை.

கருமாதிக்கு நான் போயிருந்தேன். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. வாசலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என் பையையும் சைக்கிள் பம்பையும்கூடத் திறந்து பார்த்தார். யாரும் காட்டுக்குள் அரிசி கடத்திவிடக் கூடாதே. உள்ளே, நல்ல வெயிலில், அஞ்சலையம்மா இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். காக்கைக்காக எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஜெராய்ப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. பிறகு, மலையளவு பெரிதாகி, காற்றில் பிய்ந்து பிய்ந்து அந்தக் குரல் வந்தது.

"தம்பி... பசியாறிட்டியா... வந்துரு..."

மலையில் பட்டு ஒவ்வொரு சொல்லும் இரண்டாம் முறை வந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அஞ்சலையம்மா கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். விமானம் யான் ஊர்ப் பக்கம் போய் மறைந்த பிறகும் அப்படியே இருந்தார். காக்கை அன்றைக்கு வரவேயில்லை.

அதற்குப் பிறகு விமானம் அடிக்கடி வந்தது. இரைச்சல் கேட்டால் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மலைப்பக்க ரப்பர் மர நிரைகளில் பால்வெட்டப் பெண்கள் மறுத்தார்கள். இறந்தவள் குரலை நிறுத்தும்படி அதிகாரிக்கு மனு எழுதித் தரச் சொல்லித் தோட்ட ஆபீஸ் கிராணி என்னைக் கேட்டார். மனு எழுதுவதற்கு முன் அஞ்சலையம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"நிறுத்தச் சொல்லாத பாப்பா" என்றார். "அவ பேசுறது இப்ப அந்த ஒரு நேரந்தான்."

நான் எழுதவில்லை. ஆனால் வர வர அவர் குரலைக் கேட்பதோடு நிற்கவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தார். "வானத்துல யாரும்மா இருப்பாங்க? காட்டுலதான் இருக்கா" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் துக்கமே இல்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை அவர் வீட்டுக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. பால்வெட்டப் போன பெண்கள் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் கடைசி நிரையைத் தாண்டி ஆற்றுப்பக்கம் போனதைப் பார்த்தார்களாம். அந்த எல்லைக்கு அப்பால் யாரைக் கண்டாலும் சுடலாம் என்று உத்தரவு. கான்ஸ்டபிள்களிடம் ஓடினேன். மூன்று பேர் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். அவரை அடையாளம் காட்ட நானும் போனேன்.

ஆற்றோரம், நாங்கள் கித்தா என்று சொல்லும் ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடம். பூச்சிச் சத்தம்கூட இல்லை. திடீரென்று உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. விமானம் இல்லை. ஆகாயம் வெறுமையாக இருந்தது.

"வந்துரு... வெயில் ஏறுது... வந்துரு..."

முன்னால் போன கான்ஸ்டபிள் நின்றுவிட்டார். அவர் உதடு எதையோ ஓதுவது தெரிந்தது. பாக்கியம்தான் என்று நானும் நினைத்தேன். ஒரு கணம் முழுசாக நம்பினேன்.

புதரை விலக்கிக்கொண்டு வந்தவர் அஞ்சலையம்மா. அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, எலும்பும் தோலுமாக ஒரு தமிழ் ஆள், கைகளைத் தலைமேல் வைத்தபடி வந்தான். அவர் கூப்பிடக் கூப்பிட, அவன் பின்னால் நடந்து வந்திருக்கிறான். அவன் வருவது அவருக்கே தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பினார்.

அவனைப் பார்த்ததும், யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்டார். "பசியாறிட்டியா தம்பி?"

அவன் சட்டென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். கை அசைந்ததும் துப்பாக்கி நிமிர்ந்தது. "ஜாங்கான் தேம்பாக்" என்று, சுட வேண்டாமென்று, எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். சுடவில்லை. அவன் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மேல பேசுற அக்கா கீழ எறங்கி வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றான். "பயமாத்தான் இருந்துச்சு. வராம இருக்க முடியல."

"நான் உன்னக் கூப்பிடல தம்பி. என் மவளக் கூப்பிட்டேன். உள்ள பாத்தியா?"

அவன் காட்டைத் திரும்பிப் பார்த்தான். "இல்லம்மா. உள்ள யாரும் இல்ல."

அவனைக் கொண்டு போனார்கள். பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அஞ்சலையம்மா அதற்குப் பிறகு காட்டுப்பக்கம் போகவில்லை. விமானம் வந்தால் வாசலில் வந்து நிற்பார், பதில் பேசமாட்டார்.

பிறகு விமானம் வருவது குறைந்தது, நின்றது. முள்கம்பியைப் பிரித்துச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். நான் வேலை கிடைத்துப் போகும் முன் சொல்லிக்கொள்ளப் போனேன். "இனிமே வராதும்மா. எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அப்ப பாக்கியம் இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது அவரும் இல்லை. கித்தா மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டித் தொழிற்சாலை கட்டினார்கள். லயம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. பள்ளியின் பின்னறை மழையில் சரிந்துபோனது என்றார்கள். பாக்கியத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அவள் சொன்னதெல்லாம் வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான்தானே எழுதினேன். குரல்தான், எவ்வளவு முயன்றாலும், வரமாட்டேன் என்கிறது.