ஆர்.எஸ்.புரத்துக்குப் போன டம்ளர்கள்

ஆர்.எஸ்.புரத்தில் வீடு கிடைத்துவிட்டது என்று சுப்பையன் வந்து சொன்னபோது மாசாணியம்மாள் துள்ளிக் குதிக்கவில்லை. கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"தெரு எப்படீங்க?"

"ஊடு எப்படின்னு கேளு புள்ள. மாடி ஊடு, மூணு ரூம்பு, காத்து பிச்சுக்கிட்டு வருது. சிறுவாணித் தண்ணி தனிக் கொழாய்ல வருது."

"நீங்க ஊட்டப் பாத்துப்போட்டீங்க. தெருவ நான் பாக்கோணுமுங்க. பாத்துப்போட்டுத்தான் சொல்லுவேன்."

அதோடு பேச்சு முடிந்தது. மின்வாரியத்தில் போர்மேன் ஆகி, பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனிதர்தான் சுப்பையன். வீட்டில் மாசாணியம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்குப் பேச்சு எழும்பாது.

அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள் அவள். எட்டு வயதில் அம்மாவோடு களை எடுக்கப் போனாள். தாகம் என்றால் தோட்டத்து வாசலில் போய்க் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும். மேலேயிருந்து சொம்பில் ஊற்றுவார்கள். பாதி வாய்க்குப் போகும், பாதி பாவாடைக்குப் போகும். அவளுக்குப் பதினாறு வயதாகும்போது காலம் முன்னேறிவிட்டது. மாட்டுக் கொட்டகைச் சுவரில் அவர்களுக்கென்று ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். இது என்ன பெரிய முன்னேற்றம் என்று அந்தக் காலத்திலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்தாள். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் சேர்ந்தாள். பதினோரு வீடுகளுக்கு ஒரே குழாய் இருக்கிற லைன் வீட்டில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தாள். குழாயடியில் அவள் போடாத சண்டை இல்லை. ஆனால் பதினோரு வீட்டில் எந்தச் சமையல்கட்டிலும் நுழைந்து உப்பு எடுப்பாள், யாரும் ஏனென்று கேட்டதில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு, நான்கு மடங்கு வாடகை கொடுத்து, மறுபடியும் குனியவா போவது? மகள் சண்முகப்ரியாவுக்குக் கல்லூரி பக்கம், அவருக்கு ஆபீஸ் பக்கம், எல்லாம் சரிதான். குனிகிற வேலை மட்டும் இனி ஆகாது.

"வீட்டுக்காரங்ககிட்ட நாம என்ன ஆளுங்கன்னு சொன்னீங்களா?" என்று இரவுச் சோற்றின்போது கேட்டாள்.

சுப்பையன் ரசத்தைப் பிசைந்தார். "கொடுமுடிப் பக்கம்னு சொன்னேன். கோயிலூராச்சே, நல்லதுன்னாங்க. அதோட உட்டுப்போட்டேன்."

"கோயிலுக்கு எந்தப் பக்கம்னு சொல்லலியா?"

அவர் மோருக்குக் கை நீட்டினார். அவளும் விடவில்லை. "மறைச்சுக்கிட்டு என்னால அங்க இருக்க முடியாதுங்க. நானே போயிச் சொல்லிப்போட்டு வாரேன். ஊடு போனாப் போகுது."

ஆடி மாதம். காற்று ஆளைத் தூக்கியது. மில்லுக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு மாசாணியம்மாள் பஸ் ஏறினாள். முதல் நாள் காலையில் போய்த் தெருமுனையில் நின்றாள். கேன்வாஸ் ஷூ போட்ட மனிதர்கள் யாரோ துரத்துவதைப் போல நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போனாள். தெருவில் ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் மரம், நிழல், கழுவிவிட்ட மாதிரி ரோடு. அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே ஒருத்தி மயங்கி விழுந்தால் மறுநாள் பால்காரர் வந்துதான் எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் தன் பரீட்சையை ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். முதல் வீட்டில் வாட்ச்மேன் தோட்டத்துக் குழாயைக் கை காட்டினார். அடுத்த வீட்டில் நாய்தான் பேசியது. மூன்றாவது வீட்டுப் பெண் கேட் கம்பிக்குள்ளிருந்து சொம்பை நீட்டி, "கையப் புடிங்க" என்றாள். மாசாணியம்மாள் தாகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். நான்காவது வீட்டில் ஒரு சின்னப் பெண் உள்ளே கூப்பிட்டு, மின்விசிறியைப் போட்டு, கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கடுத்த வீட்டில் மோரே கிடைத்தது. ஆக, தெரு முழுக்க மோசமும் இல்லை, முழுக்க யோக்கியமும் இல்லை. பீளமேடு மட்டும் என்னவாம்?

மூன்றாம் நாள் நேராக வீட்டுக்காரர் வீட்டுக்கே போனாள். கீழ் வீட்டு வராந்தாவில் வீட்டுக்காரம்மா பங்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குத்தி மினுங்கியது.

"மாடிக்குக் கேட்டிருந்த ஈபிக்காரரு சம்சாரமுங்க. குடிக்கச் சித்தத் தண்ணி குடுங்க."

பங்காரம்மா எழுந்தார். உள்ளே போகவில்லை. வராந்தா ஜன்னல் திட்டில் விளிம்பு வளைந்த ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்து, பக்கத்துக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

மாசாணியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அந்த மாட்டுக் கொட்டகைச் சுவர் அப்படியே எழுந்து இங்கே வந்து நின்றது.

"ஆரோ சொல்லிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க. நானே சொல்லத்தான் வந்தேன். நாங்க காலனி ஆளுங்க. ஊடு குடுக்காட்டி பரவால்ல. ஆனா தனி டம்ளர்ல நான் குடிக்க மாட்டேனுங்க."

பங்காரம்மா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஆரும் ஒண்ணும் சொல்லல அம்மணி. இது நான் குடிக்கற டம்ளரு."

மாசாணியம்மாள் விழித்தாள்.

"போன வருசம் எனக்கு டி.பி. சீக்கு. மருமவ எனக்குன்னு இதத் தனியா எடுத்து வெச்சா. சீக்கு போயி எட்டு மாசமாச்சு, டாக்டரும் எழுதிக் குடுத்துப்போட்டாரு. டம்ளரு மட்டும் இன்னும் உள்ள போகல. சமயக்கட்டுக்கு நானும் போறதில்ல."

மாசாணியம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரிக்கு இந்தக் கதியா? டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. நாங்க இன்ன ஆளுங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஊடு உண்டா, இல்லீங்களா?"

பங்காரம்மா கூஜாவைக் கையில் எடுத்தார். "பொய் சொல்லக் கூடாது. சீக்குக்கு முந்தி வந்திருந்தீங்கன்னா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். திட்டுல டம்ளரு கவுந்து கெடந்தா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது." அதே டம்ளரைக் கழுவாமல் மறுபடி ஊற்றி மளமளவென்று குடித்தார். "ஊடு எம்பேர்ல இருக்குது. எப்ப வாரீங்க?"

"ஆவணில நல்ல நாள் பாத்து வாரோமுங்க" என்றாள் மாசாணியம்மாள்.

சுப்பையன் தெருமுனை வரைக்கும் வந்து காத்திருந்தார். "சொல்லிப்போட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றாள். அவர் அப்படியே சைக்கிள் கேரியரில் சாய்ந்துவிட்டார். ஊடு நம்முளுதுதானுங்க என்று அவள் அடுத்துச் சொன்னது அவர் காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் டவுனுக்குப் போய் மூன்று டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா பேரு சொல்லுங்க" என்றார்.

"எம்பேரு போடுங்க. கொடுமுடி மாசாணியம்மாள். எழுத்து நல்லாப் பெருசா வரட்டும்."

ஆவணியில் பால் பொங்கியது. தெருவில் பதினாறு வீடுகள். வாட்ச்மேன் வீடு, நாய் வீடு, கையைப் பிடிக்கச் சொன்ன வீடு எதையும் விடாமல் அவளே குங்குமத்தோடு போய் அழைத்திருந்தாள். பதினோரு வீட்டிலிருந்து வந்தார்கள். கையைப் பிடிக்கச் சொன்னவளும் வந்திருந்தாள். டம்ளரைத் திருப்பிப் பேரைப் படித்தாள், மாசாணியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வாய் வைத்துக் குடித்தாள். பால் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றும் கேட்டாள். அந்த மாடியில் அன்று திரும்பின பக்கமெல்லாம் மாசாணியம்மாள் பேர்தான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

பங்காரம்மா குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "இத நானே எடுத்துக்கட்டுமா அம்மணி?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு படியிறங்கி, வராந்தாவில் நிற்காமல் நேராகச் சமையல்கட்டுக்குள் நடந்து, அலமாரியில் மற்ற டம்ளர்களுக்கு நடுவில் வைத்தார். மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். விளிம்பு வளைந்த பழைய டம்ளரில் அடுத்த வாரமே மணி பிளாண்ட் துளிர் விட்டிருந்தது.

பால் பொங்கிய அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சுப்பையன் பாய் விரித்து உட்கார்ந்தார். "இப்பவாச்சும் சொல்லு புள்ள. தெரு எப்படி?"

மாசாணியம்மாள் கழுவின டம்ளர்களைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவால்லீங்க. இன்னும் அஞ்சு ஊடு பாக்கி இருக்குது. தீவாளி வருதில்லீங்க, பாத்துக்கலாம்."